பாதிச் சம்பளம் வாங்கியவருக்கு ஏன் கோபம் வரவில்லை?

“ஒரு வீடியோவில் பார்த்தேன், ஹாலிவுட்டின் பழைய சிரிப்பு ஜோடி லாரலும் ஹார்டியும் கேமராவுக்கு வெளியே பேசிக்கொள்ளவே மாட்டார்களாமே? ஒல்லியானவருக்கு இரண்டு மடங்கு சம்பளமாம், அந்தப் பொறாமையில்தான் பிரிந்தார்களாம், கடைசியில் இரண்டு பேரும் கையில் காசில்லாமல் செத்தார்களாம். இதெல்லாம் உண்மையா? புதிதாகப் பார்க்கிறவன் எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பலவாக இருந்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றைத்தான் என்று தோன்றுகிறது: திரையில் பார்க்கிற அந்த ஒட்டுதல் நிஜமா, வேஷமா? முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பள விஷயம் உண்மை. பேசிக்கொள்ளவே மாட்டார்கள் என்பது பொய். ஆனால் பல வருஷம் அவர்கள் நெருங்கிய நண்பர்களாக இருக்கவில்லை என்பது நிஜம். பொறாமையில் பிரிந்தார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அவர்கள் பிரியவே இல்லை. வறுமைக் கதையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மிச்சம் கண் காது மூக்கு வைத்தது.

நான் வரலாற்று ஆசிரியன் அல்ல. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் எடிட்டிங் அறையில் உட்கார்ந்தவன். மூவியோலா என்ற எடிட்டிங் எந்திரத்தில் ஃபிலிமை வெட்டி ஒட்டிய காலத்தின் கடைசியில் உதவியாளனாகச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு நகைச்சுவைக் காட்சியை விறுவிறுப்பாக வெட்டிவிட்டதாக நினைத்து என் குருநாதரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, “வசனம் முடிஞ்ச உடனே வெட்டிட்டியே, ஜனங்க எப்பய்யா சிரிப்பாங்க?” என்றார். மறுநாள் ஒரு வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து போட்டார். லாரல் ஹார்டி. அதுவரை எனக்கு அவர்கள் தெருவில் ஒரு குண்டரும் ஒல்லியும் சேர்ந்து போனால் கிண்டலாகச் சொல்கிற பெயர், அவ்வளவுதான். அன்று முதல் இன்று வரை அவர்களை நான் ஷாட் ஷாட்டாகத்தான் பார்க்கிறேன். ஆகவே அவர்கள் வேலை செய்த விதத்தைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். அவர்களுடைய சொந்த வாழ்க்கையில் பதிவானது எது, வாய்வழியாக வந்தது எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

ஒல்லியானவர் ஸ்டான் லாரல். நிஜப் பெயர் ஆர்தர் ஸ்டான்லி ஜெஃபர்சன். 1890 ஜூன் 16 அன்று வட இங்கிலாந்தில் அல்வர்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா நாடக அரங்குகளை நடத்தியவர், அம்மா நடிகை. பையன் பதினாறு வயதில் கிளாஸ்கோவில் ஒரு சின்ன அரங்கில் மேடையேறிவிட்டார். 1910இல் ஃப்ரெட் கார்னோவின் நாடகக் குழுவோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அதே கப்பலில், அதே குழுவில் சார்லி சாப்ளினும் இருந்தார். சாப்ளினால் ஒருநாள் மேடையேற முடியாமல் போனால் அவருக்குப் பதிலாக ஏற வேண்டியவர் ஸ்டான். சாப்ளின் 1913இல் சினிமாவுக்குப் போய்ச் சில மாதங்களில் உலகப் புகழ் பெற்றார். ஸ்டானோ இன்னும் பல வருஷம் அமெரிக்காவின் மேடைகளிலும் சின்னச் சின்னப் படங்களிலும் அலைந்துகொண்டிருந்தார். ஸ்டான் ஜெஃபர்சன் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் பதின்மூன்று எழுத்து. ராசியில்லை என்று மாற்றினார்கள். அப்போது அவரோடு வாழ்ந்த மேடைக் கூட்டாளி மே டால்பெர்க், ஒரு புத்தகத்தில் லாரல் இலை மாலை அணிந்த ரோமானியத் தளபதியின் படத்தைப் பார்த்துத் தானே அந்தப் பெயரைத் தேர்ந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். அது அவர் சொன்னது, அவ்வளவுதான்.

ஹார்டி முற்றிலும் வேறு மண். 1892 ஜனவரி 18, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹார்லம் என்ற ஊர். வைத்த பெயர் நார்வெல். அப்பா ஆலிவர் உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்று காயம்பட்ட வீரர். குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் இறந்துபோனார். பின்னால் மகன் அப்பாவின் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டார். அம்மா எமிலி ஹோட்டல் நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். ஹோட்டல் முகப்பில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர் எல்லோரையும் வேடிக்கை பார்த்ததுதான் தன் நடிப்புப் பள்ளிக்கூடம் என்று ஹார்டி சொல்லியிருக்கிறார். தொப்பியை எடுத்து, சுண்டு விரலை நீட்டி, உடம்பை வளைத்து ஒரு பெண்ணுக்கு வணக்கம் சொல்கிறாரே, அந்த மிதமிஞ்சிய மரியாதையெல்லாம் அங்கே வந்து தங்கிய தென்மாநிலக் கனவான்களிடம் பிடித்தது. 1910இல் மில்லெட்ஜ்வில் என்ற ஊரில் முதல் சினிமாக் கொட்டகை திறந்தபோது இவர்தான் ஆபரேட்டர். டிக்கெட் கிழிப்பது, கூட்டிப் பெருக்குவது உட்பட. ஓட்டுகிற படங்களைப் பார்த்து, “இதைவிட நான் நன்றாகச் செய்வேனே” என்று தோன்றியதாம். 1913இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்குப் போனார், மறுவருஷமே படத்தில் வந்துவிட்டார். ஸ்டானோடு சேர்வதற்குமுன் அவர் நடித்த குறும்படங்கள் இருநூறுக்கும் மேல், பெரும்பாலும் வில்லனாக. நண்பர்கள் அவரை ‘பேப்’ என்றே கூப்பிட்டார்கள். ஜாக்சன்வில்லில் ஒரு இத்தாலிய நாவிதர் முகச்சவரம் முடித்துக் கன்னத்தில் பவுடர் தட்டும்போது “நைஸ் பேபி” என்று கொஞ்சுவாராம், அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர்.

இந்த இரண்டு வாழ்க்கையையும் கொஞ்சம் நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் மேடையில் பிறந்து, காட்சி கட்டுவதையே தொழிலாகக் கற்றவர். இன்னொருவர் கொட்டகையிலிருந்து வந்தவர், வேலைக்குப் போகிற மாதிரி ஸ்டுடியோவுக்குப் போய் நடித்துவிட்டு வீடு திரும்பப் பழகியவர். பின்னால் நடந்ததெல்லாம் இந்த வித்தியாசத்தின் மேல் நின்றதுதான்.

அவர்கள் முதலில் ஒரே படத்தில் தோன்றியது 1921 வாக்கில் எடுத்த ‘தி லக்கி டாக்’. அதில் ஸ்டான் கதாநாயகன். ஹார்டி அவரைத் துப்பாக்கி காட்டி மிரட்டும் திருடன். தற்செயல்தான், ஜோடி ஒன்றும் அமையவில்லை. நாலைந்து வருஷம் கழித்து இருவரும் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் இருந்த ஹால் ரோச் ஸ்டுடியோவில் தனித்தனியாக வேலை பார்த்தார்கள். ஸ்டான் அங்கே நடிப்பதைவிடக் கதை எழுதுவதும் இயக்குவதுமே போதும் என்று இருந்தவர். 1926இல் ஹார்டி வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது சூடான ஆட்டுத்தொடை கையில் விழுந்து வெந்துவிட்டது. இயக்க வந்த ஸ்டான் வேறு வழியில்லாமல் ஹார்டி நடிக்க வேண்டிய வேடத்தைத் தானே நடித்தார். ஸ்டுடியோ அவரைக் கேமராவுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டது. அடுத்த சில படங்களில் இருவரும் ஒன்றாக வந்தபோது ஜனங்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர் அங்கே மேற்பார்வை இயக்குநராக இருந்த லியோ மெக்கேரி. 1927 முடிவதற்குள் அவர்கள் அறிவிக்கப்பட்ட ஜோடி. ஆட்டுத்தொடை விழாவிட்டால் ஜோடியே இல்லை என்று சுவைக்காகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே ஸ்டுடியோ, கையளவு நடிகர்கள். இன்னொரு படத்தில் எப்படியும் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

அவர்கள் செய்த புதுமை என்ன? வேகத்தைக் குறைத்தார்கள். அந்தக் காலத்துச் சிரிப்புப் படம் என்றால் ஓட்டம், துரத்தல், விழுதல். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. இவர்கள் ஒருவன் மற்றவன் காரின் விளக்கைப் பிடுங்குவதை மற்றவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்கும்படி வைத்தார்கள். பிடுங்கி முடிந்ததும், சரி, இப்போது என் முறை என்று இவன் நிதானமாகப் போய் அவன் சட்டையைக் கிழிப்பான். 1929இல் வந்த ‘பிக் பிசினஸ்’ முழுக்க இதுதான். கலிஃபோர்னியா வெயிலில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் மரம் விற்கப் போகிறார்கள். வீட்டுக்காரராக வரும் ஜேம்ஸ் ஃபின்லேசன் வாங்க மறுக்கிறார். கடைசியில் அவர் வீடு சின்னாபின்னம், இவர்கள் கார் சல்லி சல்லி. தப்பான வீட்டை இடித்துவிட்டார்கள், உரிமையாளர் விடுமுறையிலிருந்து வந்து மயங்கி விழுந்தார் என்று ஸ்டுடியோ முதலாளி ரோச் பிற்காலத்தில் கதை சொல்லி வந்தார். நல்ல கதை. நான் அதை நம்புவதில்லை. வீட்டைச் சுற்றிப் படப்பிடிப்புக்குச் செய்திருக்கிற முன்னேற்பாட்டைப் பார்த்தாலே, முகவரி தப்பிப் போய் எடுத்த படமாகத் தெரியாது.

சம்பளத்துக்கு இங்கேதான் வருகிறோம். ஹார்டி காலையில் வருவார், சொன்னதைச் சொன்னதைவிட அழகாகச் செய்வார், மாலையில் கோல்ஃப் மைதானத்துக்குப் போய்விடுவார். ஸ்டான் போகமாட்டார். எழுத்தாளர்களோடு உட்கார்ந்து சிரிப்புக்கான யோசனைகளைப் பின்னுவதும், இயக்குநர் என்று வேறொருவர் பெயர் இருந்தாலும் தளத்தில் காட்சியைக் கட்டுவதும், இரவு எடிட்டிங் அறையில் உட்காருவதும் அவர்தான். அதனால் அவர் சம்பளம் ஹார்டியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹார்டி இதில் மனக்கசப்பு காட்டியதாக அவரை அறிந்த யாரும் பதிவு செய்யவில்லை. ஸ்டான் செய்கிற வேலைக்கு அவருக்குக் கிடைக்கிறது என்பதே ஹார்டியின் நிலை. எங்கள் தொழிலில் ஜோடியாக வேலை செய்து கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கெட்டது சம்பள வித்தியாசத்தால் அல்ல, யார் என்ன வேலை செய்கிறார் என்பது தெளிவில்லாததால். இவர்கள் இருவருக்கும் அந்தக் குழப்பமே வரவில்லை.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு ஸ்டான்தான் மூளை, ஹார்டி வெறும் உடம்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எடிட்டிங் மேசையில் பார்த்தால் அது தப்பு என்று தெரியும். ஒரு காட்சியில் ஸ்டான் ஏதோ மடத்தனம் செய்கிறார். சிரிப்பு எப்போது வருகிறது? பெரும்பாலும் அந்த மடத்தனத்தின்போது அல்ல, அதற்குப்பின் ஹார்டி மெதுவாகத் திரும்பி நேராகக் கேமராவை, அதாவது நம்மை, பார்க்கும்போது. ‘பார்த்தீர்களா, இவனோடு நான் படுகிற பாட்டை’ என்கிற பார்வை. 1929இல் அவர்களுடைய முதல் பேசும் படம் வந்தபோது அந்தப் பார்வை இன்னொரு வேலையையும் செய்யத் தொடங்கியது. மௌனப் படத்தில் ஜனங்கள் எவ்வளவு நேரம் சிரித்தாலும் நஷ்டமில்லை. பேசும் படத்தில் சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் மூழ்கிவிடும். ஸ்டான் படத்தை வெளியீட்டுக்குமுன் சாதாரண ஜனங்களுக்குப் போட்டுக்காட்டி, சிரிப்பு எங்கே எவ்வளவு நீள்கிறது என்று பார்த்து, திரும்ப வந்து அந்த அளவுக்கு இடம் விட்டு வெட்டுவார். அந்த இடத்தை நிரப்பியது ஹார்டியின் முகம். வெறுமனே ஒரு முகத்தை அத்தனை நேரம் திரையில் வைத்தால் படம் செத்துவிடும். ஹார்டியின் முகத்தில் அந்த நேரம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். முதலில் நம்பாமை, அப்புறம் வலி, அப்புறம் பொறுமை, கடைசியில் ஒரு பெருமூச்சு. என் குருநாதர் கேசட்டைப் போட்டுக் காட்டியது இதைத்தான்.

இதை ஒட்டி ஒரு கதை உண்டு. ஹார்டி எரிச்சலோடு கேமராவைப் பார்க்கும் ஷாட்களை ஸ்டான் வேண்டுமென்றே சாயங்காலத்துக்குத் தள்ளி வைப்பாராம். கோல்ஃபுக்கு நேரமாகிறதே என்று ஹார்டி நிஜமாகவே கொதித்துக்கொண்டிருக்கும் நேரம். எத்தனை தடவை அப்படி நடந்ததோ, ஆனால் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நம்புகிறேன். நானே சில இயக்குநர்கள் இப்படிச் செய்யக் கண்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில் இன்னொரு விஷயம், கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேசும் படம் வந்த புதிதில் வெளிநாட்டுச் சந்தையை விடக்கூடாது என்று ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலிய மொழிகளில் அதே படத்தைத் திரும்ப எடுத்தார்கள். இருவருக்கும் அந்த மொழிகள் தெரியாது. வசனத்தை உச்சரிப்பாக ஆங்கில எழுத்தில் கரும்பலகையில் எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அதைப் பார்த்துப் படிப்பார்கள். இத்தாலியர்களுக்கு அந்தக் கோணல் உச்சரிப்பு அவ்வளவு பிடித்துப்போனதால், பின்னாளில் உள்ளூர்க்காரர்கள் டப்பிங் பேசும்போதும் ஆங்கிலேயர் இத்தாலியம் பேசுவதுபோலவே பேசினார்கள்.

சரி, நட்பு. 1930களில் வேலை முடிந்தால் இருவரும் அவரவர் வழி. ஹார்டிக்கு கோல்ஃப், குதிரைப் பந்தயம், நல்ல சாப்பாடு. ஸ்டானுக்கு வேலை, மீன்பிடித்தல், அப்புறம் கல்யாணம். சட்டப்படி நான்கு பெண்களை மணந்தார், அதில் ஒருவரை விவாகரத்து செய்து திரும்பவும் மணந்தார். பொழுதுபோக்கு பற்றிக் கேட்டபோது, பேபுக்குக் குதிரையும் கோல்ஃபும், எனக்கு என்னவென்று உங்களுக்கே தெரியும், அத்தனை பேரையும் நான் கல்யாணமே பண்ணிக்கொண்டேன் என்று ஸ்டான் சொன்னதாக ஒரு ஜோக் வழங்குகிறது. ஜோக்குக்குப் பின்னால் சிரிக்க முடியாததும் இருந்தது. 1930இல் அவருக்குப் பிறந்த ஆண் குழந்தை ஒன்பது நாளில் இறந்தது. ஹார்டி மூன்று முறை மணந்தவர். இரண்டாவது மணம் மனைவியின் குடிப்பழக்கத்தால் நீண்ட வேதனையாகி முறிந்தது. 1940இல் மணந்த லூசில், அவர்கள் படமொன்றில் ஸ்கிரிப்ட் கவனித்தவர். அந்த மணம் கடைசிவரை நிலைத்தது. இத்தனை கொந்தளிப்புக்கு நடுவில் இரண்டு பேர் வாழ்க்கையிலும் மாறாமல் இருந்தது ஒருவருக்கொருவர்தான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அன்றைய நிலையில் அது நட்பு என்பதைவிட, நல்ல சக ஊழியர்களுக்கு இடையில் இருக்கிற மரியாதை என்பதே பொருத்தம்.

அப்படியென்றால் பிரிவுக் கதை எங்கிருந்து வந்தது? ஸ்டுடியோ ஒப்பந்தத்திலிருந்து. ரோச் இருவரையும் ஜோடியாக ஒப்பந்தம் செய்யவில்லை, தனித்தனியாகச் செய்தார். ஒருவர் ஒப்பந்தம் முடியும்போது மற்றவருடையது நடுவில் நிற்கும். இருவரும் சேர்ந்து நின்று பேரம் பேச வழியே இல்லை. நான் யார் மேலாவது குற்றம் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். 1938இல் ரோச்சுக்கும் ஸ்டானுக்கும் தகராறு முற்றி, ஸ்டானின் ஒப்பந்தம் ரத்தானது. ஸ்டான் வழக்குப் போட்டார். ஹார்டியோ இன்னும் ஒப்பந்தத்தில் இருந்தவர். நடிக்கச் சொன்னால் நடித்துத்தான் ஆக வேண்டும். ஹாரி லாங்டன் என்ற இன்னொரு நகைச்சுவை நடிகரோடு ஒரு யானைப் படத்தில் நடித்தார். 1939இல் ‘ஜெனோபியா’ என்று வந்தது. அதே வருஷம் தகராறு தீர்ந்து இருவரும் திரும்பவும் சேர்ந்து நடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிரிவு என்பது இவ்வளவுதான். 2018இல் வந்த ‘ஸ்டான் அண்ட் ஆலி’ படத்தில் இந்த யானைப் படத்தை வைத்து 1950களில் இருவரும் எல்லோர் முன்னிலையிலும் சண்டை போடுகிறார்கள். நன்றாக நடித்த காட்சி, திரைக்கதைக்குத் தேவையான காட்சி. நடந்த காட்சி அல்ல. நீங்கள் பார்த்த வீடியோ அங்கிருந்துதான் எடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

உண்மையான அடி 1940க்குப் பிறகு விழுந்தது. ரோச்சை விட்டு வெளியே வந்து ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்கும் எம்.ஜி.எம்முக்கும் 1941 முதல் 1945 வரை எட்டுப் படம் செய்தார்கள். பெரிய ஸ்டுடியோவில் நடிகன் நடித்தால் போதும். கதையில் கை வைக்கக் கூடாது, எடிட்டிங் அறைக்குள் வரக் கூடாது. ஸ்டானைப் பொறுத்தவரை பாதி உடம்பை வெட்டிவிட்டார்கள். ரோச் காலத்தில் அவர்கள் முகத்தில் கோமாளிகளைப்போல வெளிறிய பூச்சு இருக்கும், முகம் குழந்தை முகமாகத் தெரியும். ஃபாக்ஸில் அதை எடுத்துவிட்டு எல்லோரையும்போல ஒப்பனை போட்டார்கள். அதுவரை வயது தெரியாமல் இருந்த இரண்டு குழந்தைகள் ஒரே படத்தில் ஐம்பது வயது ஆசாமிகள் ஆகிவிட்டார்கள். ஐம்பது வயதுக்காரன் மேசையிலிருந்து விழுந்தால் சிரிப்பு வராது, ஐயோ என்றுதான் வரும். அந்தப் படங்களை நான் ஒரு தடவைக்குமேல் பார்த்ததில்லை. 1950இல் பிரான்ஸுக்குப் போய் எடுத்த கடைசிப் படம் அதைவிட மோசம்; படப்பிடிப்பு நடுவில் ஸ்டான் கடுமையாக நோயுற்று எலும்பும் தோலுமாகிவிட்டார், அது திரையில் தெரிகிறது.

நட்பு பிறந்தது இந்த வீழ்ச்சிக் காலத்தில். 1947, 1952, 1953–54 என்று மூன்று முறை பிரிட்டன் முழுக்க மேடைச் சுற்றுப்பயணம் போனார்கள். மாதக்கணக்கில் ஒரே ரயில், ஒரே ஹோட்டல், இருவரின் மனைவிகளும் கூடவே. கோல்ஃப் மைதானத்துக்கு ஓட ஹார்டிக்கு வழி இல்லை, எடிட்டிங் அறைக்கு ஓட ஸ்டானுக்கு வழி இல்லை. இருபது வருஷம் சேர்ந்து நடித்தபிறகுதான் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்துகொண்டார்கள் என்பது அவர்களோடு பழகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. 1953 செப்டம்பர் 9 அன்று கப்பல் அயர்லாந்தின் கோவ் துறைமுகத்துக்கு வந்தது. கரை கொள்ளாத கூட்டம். படங்களின் தொடக்கத்தில் ஒரு குயில் மெட்டு வருமே, அதை ஊர்த் தேவாலயத்தின் மணிகளில் வாசித்தார்கள். அந்த மெட்டு முதலில் ரோச் ஸ்டுடியோ வளாகத்தில் இருந்த வானொலி நிலையத்துக்காக மார்வின் ஹாட்லி போட்டது. ஸ்டானுக்குப் பிடித்துப்போய்ப் படத்துக்கு வந்தது. மணி ஓசையைக் கேட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அழுதுவிட்டதாக ஸ்டான் பிறகு நினைவுகூர்ந்தார். தங்களை உலகம் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள். 1954 மே மாதம் பிளிமத் நகரில் ஒரு காட்சி நடித்ததோடு ஹார்டிக்கு இதயக் கோளாறு வந்து பயணம் நின்றது. அதுதான் கடைசி மேடை.

பணத்துக்கு வருகிறேன். தங்கள் படங்களின் உரிமை அவர்களிடம் இல்லை. 1950களில் தொலைக்காட்சியில் அந்தப் பழைய படங்கள் நாள்தோறும் ஓடின, அவர்களுக்கு அதில் சல்லிக்காசு வரவில்லை. விளம்பரத்துக்கு இடம் பண்ண யாரோ தன் படத்தைக் கண்டபடி வெட்டுவதுதான் ஸ்டானுக்குக் காசு வராததைவிடப் பெரிய எரிச்சல். எனக்கு இது நன்றாகப் புரிகிறது. விவாகரத்துகளிலும் வரியிலும் நிறையப் போனது, ஹார்டிக்குக் குதிரைகளிலும் போனது. ஆனால் தெருவுக்கு வரவில்லை. ஸ்டான் சான்டா மோனிகாவில் கடலைப் பார்த்த ஒரு சிறிய அடுக்ககத்தில் நான்காவது மனைவி ஐடாவோடு எளிமையாக, கடனில்லாமல் இருந்தார். ஹார்டியின் கடைசி நாட்கள் மாமியார் வீட்டில் கழிந்தன. அதற்குக் காரணம் நோயும் பராமரிப்பும்.

1955இல் ரோச்சின் மகன் அவர்களை வைத்துத் தொலைக்காட்சிப் படங்கள் எடுக்க ஏற்பாடு செய்தார். ஸ்டானுக்குப் பக்கவாதம் வந்து அது நின்றது. மறுவருஷம் ஹார்டி மருத்துவர் சொல்படி ஏறக்குறைய 70 கிலோ எடையைக் குறைத்தார். 1956இல் யாரோ வீட்டில் எடுத்த ஒரு சின்னப் படச்சுருள் இருக்கிறது, சத்தமில்லாதது. அதில் ஸ்டான் பக்கத்தில் நிற்கிற மெலிந்த கிழவர் யார் என்று முதல் பார்வையில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த செப்டம்பரில் ஹார்டிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது. 1957 ஆகஸ்ட் 7 அன்று இறந்தார். ஸ்டான் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. பகை என்பவர்கள் இதையும் ஆதாரமாகக் காட்டுவார்கள். போகும் நிலையில் அவர் உடம்பு இல்லை, மருத்துவர் அனுமதிக்கவில்லை. பேப் புரிந்துகொள்வான் என்றார்.

அதற்குப்பின் ஏழரை வருஷம் இருந்தார். நடிக்கக் கேட்டவர்கள் எல்லோரையும் மறுத்துவிட்டார், மேடைக்கும் வரவில்லை. 1961இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது அவருக்குப் பதிலாக நடிகர் டேனி கே போய் வாங்கினார். ஆனால் தொலைபேசிப் புத்தகத்தில் அவர் எண் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. யார் கூப்பிட்டாலும் பேசுவார், யார் எழுதினாலும் தன் கைப்படத் தட்டச்சு செய்து பதில் போடுவார், முன்பின் தெரியாத ரசிகர்களும் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். இருவருக்குமான நகைச்சுவைத் துணுக்குகளை ஹார்டி போனபிறகும் எழுதிக்கொண்டே இருந்தார் என்கிறார்கள். நடிக்க ஆளில்லாத காட்சியை எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஹார்டிக்கு எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று முப்பது வருஷம் கணக்குப் போட்ட மனிதர். வேறு யாருக்கு எழுதுவார்? 1965 பிப்ரவரி 23 அன்று அவரும் போய்ச் சேர்ந்தார்.

எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம் என்றால், 1932இல் வந்த ‘தி மியூசிக் பாக்ஸ்’. அரை மணி நேரம்தான். ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டு வழியே மேலே ஏற்ற வேண்டும், கதை அவ்வளவே. நகைச்சுவைக் குறும்படத்துக்கென்று ஆஸ்கர் ஏற்பட்டபோது முதல் பரிசு வாங்கிய படம். அந்தப் படிக்கட்டு லாஸ் ஏஞ்சலஸின் சில்வர் லேக் பகுதியில் இன்றும் இருக்கிறது, 133 படி. படாத பாடு பட்டு மேலே கொண்டுபோன பிறகு ஒரு தபால்காரர், மேலே வர ரோடு இருக்கிறதே, வண்டியிலேயே கொண்டுவந்திருக்கலாமே என்கிறார். உடனே இவர்கள் பியானோவைத் திரும்பக் கீழே இறக்குகிறார்கள், ரோடு வழியாகக் கொண்டுவர. அந்த இடத்தை ஓட்டிவிடாமல் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: நெட்டில் தேடினால் வண்ணம் பூசிய பிரதிதான் முதலில் வந்து நிற்கும். அதில் எவனோ அந்த வெளிறிய முகங்களுக்குச் சதை நிறம் அடித்து வைத்திருக்கிறான். கறுப்பு வெள்ளையைத் தேடிப் பிடியுங்கள்.